மனு எங்கே நிற்கிறது?

அன்பான நேயர்களே, வணக்கம். அடுப்படியில் இருந்தபடி கேட்கிற தாய்மார்களுக்கும், பட்டறையிலும் கடையிலும் வானொலியைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறவர்களுக்கும் வணக்கம். உங்கள் சட்டமன்ற உறுப்பினர் பேசுகிறேன்.

அரசு உதவித் திட்டங்களைப் பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். திட்டங்களின் பட்டியலை நான் வாசிக்கப் போவதில்லை. அது வட்டாட்சியர் அலுவலகச் சுவரிலேயே எழுதியிருக்கிறது. தகுதி இருந்தும் ஒரு வீட்டுக்கு உதவி வந்து சேரவில்லை என்றால் மனு எந்த மேசையில் நிற்கிறது, ஏன் நிற்கிறது, அதை நகர்த்த நீங்கள் என்ன செய்ய வேண்டும், இதைத்தான் சொல்லப் போகிறேன். கையருகே பேனாவும் தாளும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் எண்கள் வரும்.

முதலில் கைபேசி எண். சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் தொகுதி அலுவலகத்துக்கு வருகிற குறைகளில் நிறைய இங்கேதான் தொடங்குகின்றன. வருமானச் சான்று, சாதிச் சான்று, வாரிசுச் சான்று, முதல் பட்டதாரி சான்று எதுவானாலும் இப்போது இ-சேவை மையத்தில்தான் பதிவு செய்கிறோம். வருவாய்த் துறைச் சான்றுகளுக்கு மையத்தில் கட்டணம் 60 ரூபாய். முதல் தடவை போகும்போது உங்களுக்கு ஒரு குடிமக்கள் கணக்கு எண் உருவாக்குவார்கள். கேன் நம்பர் என்று சொல்வார்கள். அதற்கு ஒரு கைபேசி எண் வேண்டும். அவசரத்தில் மையத்தில் இருப்பவர் தன் எண்ணையே போட்டுவிடுவதுண்டு. கூட வந்த பக்கத்து வீட்டுப் பையன் எண்ணைப் போடுவதும் உண்டு. அன்றைக்கு வேலை முடிந்துவிடும். பிறகுதான் சிக்கல்.

மனு கிராம நிர்வாக அலுவலருக்குப் போகிறது. அவர் பார்த்து வருவாய் ஆய்வாளருக்கு அனுப்புகிறார். அங்கிருந்து மண்டல துணை வட்டாட்சியருக்கோ வட்டாட்சியருக்கோ போகிறது. இந்தப் பாதையில் யாராவது ஒருவர், “குடும்ப அட்டை நகல் தெளிவாக இல்லை, மறுபடி இணைக்கவும்” என்று திருப்பி அனுப்பினால் ஒரு குறுஞ்செய்தி வரும். யாருக்கு வரும்? மனுவில் எந்த எண் இருக்கிறதோ அந்த எண்ணுக்கு. உங்களுக்குத் தெரியாது. நீங்கள் மூன்று வாரம் காத்திருப்பீர்கள். இப்படி மனுப் போட்ட ஓர் அம்மா ஊரில், “மனுப் போட்டேன், தள்ளிவிட்டார்கள்” என்று சொல்லிக்கொண்டிருப்பார். மனு தள்ளப்படவே இல்லை. உங்கள் பதிலுக்காகக் காத்திருந்து, பதில் வராததால் முடிந்துபோயிருக்கும்.

அதனால் மையத்தில் உட்கார்ந்ததும் மூன்று காரியம் செய்யுங்கள். “ஏற்கெனவே எனக்குக் கேன் எண் இருக்கிறதா, பாருங்கள்” என்று கேளுங்கள். ஆதார் எண்ணைக் கொண்டு தேடலாம். இருந்தால் புதிதாக உருவாக்க வேண்டாம். அதில் பெயரோ முகவரியோ தப்பாக இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடுத்தடுத்து வாங்குகிற ஒவ்வொரு சான்றிலும் அதே தப்பு ஏறிக்கொண்டே போகும். இரண்டாவது, கைபேசி எண் உங்கள் வீட்டில் யாரிடம் எப்போதும் இருக்கிறதோ அவருடையதாக இருக்கட்டும். மூன்றாவது, ஒப்புகைச் சீட்டு. மனு எண் அதில் இருக்கும். அந்த எண் இல்லாமல் எந்த அலுவலகத்தில் போய்க் கேட்டாலும் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். தொகுதி அலுவலகத்துக்கு வரும்போதும் சீட்டைக் கொண்டுவாருங்கள். சீட்டு இருந்தால் எந்த மேசையில் நிற்கிறது என்று அன்றைக்கே சொல்லிவிட முடியும். சீட்டு, கைபேசி எண். இதை இன்னும் இரண்டு தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பணம் வரவில்லை என்கிற புகார். மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15-ஆம் தேதி காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்டது, மாதம் 1,000 ரூபாய். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் 1,000. விவசாயிகளுக்குப் பிஎம் கிசான், தவணைக்கு 2,000, ஆண்டுக்கு மூன்று தவணை. இவற்றில் எல்லாம் பாஸ்புக்கைக் கொண்டுவந்து காட்டி, “ஒரு பைசா ஏறவில்லை” என்பவர்கள் உண்டு. விசாரித்தால் அரசு அனுப்பியிருக்கும். பணம் வேறொரு கணக்கில் கிடக்கும்.

எப்படி என்று சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். வங்கியில் ஆதார் நகல் கொடுத்தால் இரண்டு தனித்தனி வேலைகள் நடக்கலாம். ஒன்று, இந்தக் கணக்கு இந்த ஆளுடையது என்று அடையாளம் காட்டுவது. இன்னொன்று, அரசுப் பணம் இந்த ஆதாருக்கு வந்தால் இந்த வங்கியில் போடுங்கள் என்று தேசிய பணப்பட்டுவாடா கழகத்தின் பதிவேட்டில் ஏற்றுவது. முதல் வேலையை நான்கு வங்கியிலும் செய்யலாம். இரண்டாவதில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு வங்கிதான் இருக்கும். கடைசியாக எந்த வங்கியில் அந்தச் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டீர்களோ, அந்த வங்கி. நகைக்கடன் வாங்கும்போது, குழுக் கடனுக்குக் கணக்குத் தொடங்கும்போது, கடைவீதியில் குடை போட்டு உட்கார்ந்து கணக்கு ஆரம்பித்துத் தருகிறவர்களிடம், கட்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அதற்குள் இந்தச் சம்மதமும் இருக்கும். அன்றோடு பணம் அங்கே திரும்பிவிடும்.

ஆகவே வங்கிக்குப் போய், “ஆதார் இணைத்தாகிவிட்டதா?” என்று கேட்காதீர்கள். “ஆகிவிட்டது” என்றுதான் பதில் வரும், அதுவும் உண்மைதான். “அரசுப் பணம் நேரடியாக வருகிற டிபிடி கணக்காக இது இருக்கிறதா?” என்று கேளுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஆதார் இணையதளத்திலேயே வங்கி இணைப்பு நிலை என்ற பகுதியில் பார்க்கலாம். ஆதாரோடு பதிவான கைபேசிக்கு ஓடிபி வரும், பிறகு எந்த வங்கி, செயலில் உள்ளதா, எந்தத் தேதியில் சேர்ந்தது என்று காட்டும். வங்கிப் பெயர் தப்பாக இருந்தால், பணம் எந்த வங்கிக்கு வர வேண்டுமோ அந்த வங்கிக்குப் போய்ச் சம்மதப் படிவம் கொடுங்கள். பழைய வங்கியின் பெயரை அதில் கேட்பார்கள், எழுதுங்கள். சில நாளில் மாறிவிடும். பழைய கணக்கில் கிடக்கும் பணம் எங்கும் போகாது, நேரில் போய் எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் வங்கிக் கிளை இல்லாத ஊர்க்காரர்கள் தபால்காரரிடமே அஞ்சலக பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கு தொடங்கலாம். அவர் கையில் இருக்கும் கருவியில் கைரேகை வைத்தால் போதும்.

இதோடு இன்னொன்று. ஏறுகிற 1,000 ரூபாயில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் பிடிக்கிறார்கள் என்ற குறையும் வருகிறது. அந்தக் கணக்கை அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அதில் குறைந்தபட்ச இருப்பே கிடையாது. அப்படி ஒரு கணக்கு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாது, மாதத்தில் கட்டணமில்லாமல் பணம் எடுக்கும் தடவைகளுக்கு வரம்பு இருக்கும். மாதம் ஆயிரம் எடுக்கிறவர்களுக்கு அது ஒரு தடையே இல்லை.

இப்போது பெயர் விவகாரம். நம் ஊரில் முன்னெழுத்துப் போடுகிற பழக்கம் இருக்கிறதே, அது கணினிக்குள் போனதும் பெரிய இழுபறி ஆகிவிடுகிறது. குடும்ப அட்டையில் கி. செல்வி. ஆதாரில் செல்வி கிருஷ்ணன். பாஸ்புக்கில் கணவர் பெயரின் முன்னெழுத்து. பட்டாவில் செல்வியம்மாள். ஊரில் எல்லாருக்கும் ஒரே ஆள். கணினிக்கு நான்கு ஆள். திருத்த வேண்டும் என்றால் எதை முதலில் திருத்துவது என்பதுதான் கேள்வி. ஆதாரை முதலில் சரிசெய்யுங்கள். மற்றவை எல்லாம் அதைப் பார்த்துத்தான் ஒப்பிடுகின்றன. ஆனால் ஆதாரில் பெயரை ஆயுளில் இரண்டே தடவைதான் மாற்ற முடியும். பிறந்த தேதியை ஒரே தடவை. அதனால் கல்யாணமான புதிதில் ஒரு மாற்றம், பிறகு மனம் மாறி இன்னொரு மாற்றம் என்று வீணாக்காதீர்கள். எந்த வடிவில் பெயர் நிரந்தரமாக இருக்க வேண்டும் என்று வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டுப் போங்கள். பெயர், முகவரி போன்ற திருத்தத்துக்குக் கட்டணம் 2025 அக்டோபரிலிருந்து 75 ரூபாய். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள்.

பிள்ளைகளுக்கு விதி வேறு. 5 வயதானதும் ஒரு தடவை, 15 வயதானதும் ஒரு தடவை கைரேகையும் கண்ணும் பதிய வேண்டும். 5 முதல் 7 வயதுக்குள்ளும், 15 முதல் 17 வயதுக்குள்ளும் போனால் கட்டணம் இல்லை. இதை விட்டுவிட்டுத்தான் கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் உதவித்தொகைக்குக் கைரேகை ஒத்துப்போகாமல் அலைகிறார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்தால் பொதுத் தேர்வுப் பெயர்ப் பட்டியலைப் பள்ளியில் சரிபார்க்கச் சொல்லும்போது பெற்றோரே நேரில் போங்கள். பிறப்புச் சான்று, ஆதார், பள்ளிப் பதிவு மூன்றிலும் எழுத்து எழுத்தாக ஒன்றாக இருக்க வேண்டும். மதிப்பெண் பட்டியல் அச்சான பிறகு திருத்துவது மாதக்கணக்கில் இழுக்கிற வேலை.

ஆதாருக்கு முகவரிச் சான்று இல்லாதவர்கள் சட்டமன்ற உறுப்பினரின் சான்று வாங்கிக்கொண்டு போகலாம். வாடகை வீட்டுக்காரர்களுக்கு இது மிகவும் பயன்படும். ஆனால் என் அலுவலகத் தாளில் எழுதித் தந்தால் செல்லாது. ஆதார் ஆணையத்தின் படிவத்திலேயே இருக்க வேண்டும். உங்கள் புகைப்படம் ஒட்டி, படத்தின் மேலும் தாளின் மேலும் சேர்ந்து விழுகிற மாதிரி கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். தேதி வேண்டும். அந்தத் தேதியிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். வெள்ளை மை வைத்துத் திருத்தியிருந்தால் மையத்தில் வாங்க மாட்டார்கள், புதுப் படிவம் எழுதுங்கள். தொகுதி அலுவலகத்தில் இதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. யாராவது இடையில் நின்று பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம், உள்ளே வந்து சொல்லுங்கள்.

மருத்துவக் காப்பீட்டுக்கு வருகிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. தயவுசெய்து யாரும் நோய் வந்த பிறகு அட்டை எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். இதை மன்றாடிக் கேட்கிறேன். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போனால் புகைப்படமும் கைரேகையும் எடுத்துப் பதிவெண் கொடுத்துவிடுவார்கள். ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாளை இந்த மாதமே ஒதுக்குங்கள்.

எங்கே தடுக்கிறது என்றால், குடும்ப அட்டையில் பெயர் இல்லாத மருமகள். கல்யாணமாகி நான்கு வருஷம் ஆகியிருக்கும், பெயர் இன்னும் அம்மா வீட்டு அட்டையில் இருக்கும். காப்பீட்டுக்குக் குடும்பம் என்றால் குடும்ப அட்டையில் உள்ளவர்கள்தான். அம்மா வீட்டு அட்டையில் நீக்கல், பிறகு மாமியார் வீட்டு அட்டையில் சேர்க்கை, இந்த வரிசையில்தான் செய்ய முடியும். பொது விநியோகத் துறை இணையதளத்தில் இரண்டையும் பதியலாம். சிக்கிக்கொண்டால் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை வட்டத்தில் குடும்ப அட்டைக் குறைதீர் முகாம் நடக்கும், அங்கே போங்கள். ஒப்புகைச் சீட்டை மறக்காதீர்கள், கைபேசி எண் உங்களுடையதா என்று பாருங்கள். இரண்டாவது தடவை சொல்லிவிட்டேன்.

மருத்துவமனையில் இன்னொரு தடங்கல். பெரிய தனியார் மருத்துவமனை, பெயர்ப் பலகையில் காப்பீட்டுத் திட்டம் என்று போட்டிருக்கிறது, சேர்த்துவிட்டோம் என்பார்கள். ஒரு மருத்துவமனை இதயத்துக்கு அங்கீகாரம் பெற்றிருக்கும், எலும்புக்குப் பெற்றிருக்காது. சேர்க்கும்போதே, “இந்த நோய்க்கு இந்த ஆஸ்பத்திரியில் காப்பீடு உண்டா?” என்று காப்பீட்டு மேசையில் கேட்டுக்கொள்ள வேண்டும். அறுவைச் சிகிச்சைக்கு முன்னாலேயே ஒப்புதல் வாங்க வேண்டும். கையிலிருந்து கட்டிவிட்டுப் பின்னால் பில்லைக் கொண்டுவந்து அரசிடம் திரும்ப வாங்கலாம் என்று இந்தத் திட்டத்தில் வழியில்லை. மருத்துவமனையே திட்டத்திடம் வாங்கிக்கொள்கிற ஏற்பாடு இது. பில்லோடு வருகிறவர்களிடம் இதைச் சொல்வதுதான் இந்தப் பொறுப்பில் மிகவும் வருத்தமான வேலை. அட்டை இல்லாமல் திடீரென்று பெரிய நோய் வந்துவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சிகிச்சை நிற்காது, அங்கிருந்தபடியே அட்டைக்கான வேலையும் நடக்கும். சாலை விபத்து என்றால் சட்டமே வேறு. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அட்டையும் வேண்டாம், வருமான வரம்பும் இல்லை. வெளி மாநிலத்துக்காரராக இருந்தாலும் உண்டு. 108-ஐ அழைத்துத் திட்டத்தில் இருக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

வீட்டில் ஒரு மரணம் நடந்தால் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். துக்கத்தில் யாருக்கும் தோன்றாது, ஆனால் நாள் ஓடிவிடும். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். கிராமத்தில் வீட்டில் இறந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம். மருத்துவமனையில் இறந்தால் அவர்களே தெரிவிப்பார்கள், பெயரும் முகவரியும் சரியாக எழுதப்படுகிறதா என்று பார்ப்பது நம் வேலை. 21 நாள் தாண்டினால் தாமதக் கட்டணம். ஒரு வருஷம் தாண்டினால் வருவாய் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போட்டவர் 60 வயதுக்குள் இறந்திருந்து, வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள வீடாக இருந்தால் தேசிய குடும்ப நல நிதியில் 20,000 ரூபாய் உண்டு. சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் கேளுங்கள்.

பிறகு வாரிசுச் சான்று. திருப்பி அனுப்பப்படுவதற்கு அடிக்கடி நேர்கிற காரணம், வாரிசு ஒருவரின் பெயர் விடுபட்டிருப்பது. அந்த ஒருவர் அநேகமாக மகளாக இருப்பார். கட்டிக்கொடுத்தாயிற்று, சீர் செய்தாயிற்று என்று விட்டுவிடுகிறார்கள். இது தவறு, நான் வெளிப்படையாகவே சொல்கிறேன். மகளும் வாரிசு, கல்யாணமானாலும் வாரிசு. குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது, 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. மகளின் பெயரை மறைத்து வாங்குகிற சான்று ஒரு ஆட்சேபணை மனுவில் ரத்தாகும். அதை வைத்து மாற்றிய பட்டாவும் வழக்காகிவிடும். எல்லாப் பெயரையும் எழுதுங்கள். யார் எதை விட்டுக்கொடுப்பது என்பதை அதற்குப் பிறகு பத்திரமாக எழுதிக்கொள்ளலாம்.

பட்டா மாற்றத்தில் இரண்டு வகை இருக்கிறது. முழுச் சர்வே எண்ணும் ஒருவர் பெயரிலிருந்து இன்னொருவர் பெயருக்குப் போனால் உட்பிரிவு இல்லாத மாற்றம். நிலத்தில் ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தால் உட்பிரிவு, நில அளவர் வந்து அளக்க வேண்டும். உட்பிரிவு தேவைப்படும் இடத்தில் இல்லாத மாதிரி மனுப் போட்டால் மனு தள்ளுபடியாகும், அல்லது கூட்டுப் பட்டாவாக முடிந்து பிறகு தனியாகப் பிரிக்க அலைய வேண்டியிருக்கும். மனுப் போடும் முன் பத்திரத்தில் நான்கு எல்லையும் சர்வே எண்ணும் சரியா என்று பாருங்கள். அளக்க வருகிற நாளில் பக்கத்து நிலத்துக்காரருக்கும் சொல்லிவிடுங்கள். அவர் இல்லாமல் அளந்தால் மறுநாளே ஆட்சேபணை வரும்.

வீட்டுமனைப் பட்டா கேட்டு நிறைய மனுக்கள் இருக்கின்றன. நத்தம் என்கிற ஊர்க் குடியிருப்பு நிலம், ஆட்சேபணையில்லாத புறம்போக்கு என்றால் அரசு விதிப்படி வரன்முறை செய்ய வழி இருக்கிறது, தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஏரி, குளம், வாய்க்கால் புறம்போக்கில் இருக்கும் வீடுகளுக்குப் பட்டா வாங்கித் தருகிறேன் என்று நான் சொல்ல மாட்டேன். நீதிமன்ற உத்தரவுகள் அதைத் தடுக்கின்றன. அப்படிச் சொல்லி யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள். அந்தக் குடும்பங்களுக்கு மாற்று இடம் கேட்பதுதான் வழி. அந்தக் கோரிக்கையைத்தான் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். மாற்று மனை என்று கேட்டு மனுக் கொடுங்கள், பட்டா என்று கேட்டால் முதல் மேசையிலேயே நின்றுவிடும்.

நேரம் குறைவு என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். நலவாரியம், முதியோருக்கான ரேஷன் இரண்டையும் விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டடத் தொழிலாளர்களும் மற்ற அமைப்புசாராத் தொழிலாளர்களும் நலவாரிய அட்டையை ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். 60 வயதாகும்போது அட்டை காலாவதியாகிக் கிடந்தால் ஓய்வூதியம் வாங்குவது போராட்டமாகிவிடும். 58, 59 வயதில் இருப்பவர்கள் இன்றைக்கே அட்டையை எடுத்துத் தேதி பாருங்கள். கைரேகை விழாத முதியவர்கள் ரேஷன் கடைக்குப் போக முடியாவிட்டால், வேறொருவர் பொருள் வாங்க அங்கீகாரப் படிவம் கடையிலேயே கிடைக்கும்.

தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். தெருவுக்குச் சிமெண்ட் சாலை, ரேஷன் கடைக் கட்டடம், பள்ளிக்கு வகுப்பறை கேட்டு மனுத் தரும்போது அந்த இடம் அரசு இடமா, உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்த இடமா என்ற சான்றையும் சேர்த்துக் கொடுங்கள். தனியார் இடத்திலும் வழிபாட்டுத் தலத்திலும் இந்த நிதியைச் செலவிட முடியாது. நிர்வாக ஒப்புதலை மாவட்ட ஆட்சியர்தான் தருவார்.

உங்கள் மனுவுக்குப் பதிலே வரவில்லை என்றால், முதலமைச்சரின் உதவி மைய எண்ணான 1100-க்கு அழைத்துப் புகாரைப் பதியலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கலாம். அதற்கும் அசையவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, “என் மனு எண் இது, இன்றைக்கு எந்த அலுவலரிடம் இருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது?” என்று மட்டும் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். இதற்கும் மனு எண் வேண்டும், சீட்டில் இருக்கிறது. மூன்றாவது தடவையும் சொல்லியாயிற்று.

வாக்காளர் பட்டியல் ஒன்று மீதி இருக்கிறது. புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6, திருத்தத்துக்கும் வீடு மாறியவர்களுக்கும் படிவம் 8. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதி, இந்த நான்கில் எதில் 18 வயது நிறைகிறதோ அதை வைத்துச் சேர்க்கலாம், ஜனவரி வரை காத்திருக்க வேண்டாம். படிவத்தை உங்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுங்கள். அவர் யார் என்று தெரியாதவர்கள் 1950 என்ற எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். நன்றி, வணக்கம்.